பதினொருவர் தெரிவு: யாழ்ப்பாணப் பெருஞ்சமர்களும் அணி வாதங்களும்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ஆண்டுக் கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர் பெற்ற இப்போட்டி மார்ச் மாதத்தில் மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. இப்போது அது மூன்று நாள் ஆட்டம். போட்டியைச் சுற்றி வளர்ந்த வாதம் மூன்று நாளில் அடங்குவதில்லை. பதினொருவருக்குள் யார் யார், முதலில் துடுப்பெடுத்தாட இறங்குவது யார், எந்தப் பந்து வீச்சாளருக்கு எத்தனை ஓவர், இன்னிங்ஸை எப்போது நிறுத்துவது என்னும் கேள்விகள் தை மாதத்திலேயே கிளம்பிவிடும். ஆட்டம் முடிந்த பின்பும் ஆண்டுக்கணக்கில் அவை பேசப்படும். குடாநாட்டில் அணித் தெரிவை விமர்சிப்பது ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. அதன் வரலாற்றைப் பார்த்தால், பள்ளிக்கூடங்களை ஊர் எவ்வளவு தன்னுடையதாகக் கருதியது என்பது விளங்கும்.

கிரிக்கெட் யாழ்ப்பாணத்துக்கு மிஷன் கல்லூரிகள் வழியாக வந்தது. மத்திய கல்லூரி 1816ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் வெஸ்லியன் மிஷன் பள்ளி. பரியோவான் கல்லூரி 1823இல் நல்லூரில் சர்ச் மிஷன் சங்கத்தார் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியிலிருந்து வளர்ந்து, பின்னர் சுண்டுக்குளியில் நிலைகொண்டது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் யாழ்ப்பாணக் கல்லூரியும், நகரில் கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரியும் இருந்தன. இவ்விரண்டும் 1917 முதல் மோதிவரும் போட்டி ‘பொன் அணிகளின் போர்’ எனப்படுகிறது. இரண்டு கல்லூரிகளின் நிறங்களிலும் பொன் இருப்பதே அப்பெயருக்குக் காரணம். சைவ மக்களின் முயற்சியால் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் ஆடுவது ‘இந்துக்களின் போர்’. இப்போட்டிகளுக்கான மாதிரி கொழும்பில் இருந்தது. றோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879இல் மோதத் தொடங்கின. அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவரோடு சேர்ந்து ஆடினர். மாணவர் மட்டுமே ஆடும் வழக்கம் அடுத்த ஆண்டில்தான் வந்தது. ஆசிரியர் களத்தைவிட்டு வெளியேறிய பிறகு, எந்த மாணவனை ஆடவிடுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவருக்குப் புதிதாகக் கிடைத்தது. அணித் தெரிவு என்பது ஆட்டத்திலிருந்து பிரிந்த தனிப் பொறுப்பானது இப்படித்தான்.

இந்தப் பொறுப்பு ஏன் இவ்வளவு சர்ச்சைக்கு உள்ளாகிறது என்பது ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்தவரின் பிள்ளைகள் பார்த்து வளரும் பனிச்சறுக்கு ஹொக்கியில் மூன்று முன்வரிசை வீரர் ஒரு வரிசையாகப் பனியில் இறங்கி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடி, அடுத்த வரிசைக்கு இடம்விட்டு வெளியேறுவர். பயிற்றுநர் ஒரே ஆட்டத்தில் பல தடவை வரிசைகளை மாற்றலாம். பிழையாகத் தெரிந்ததை அடுத்த நிமிடமே திருத்திக்கொள்ளலாம். அங்கே எந்த வீரருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார் என்று இரசிகர் கணக்குப் பார்த்துச் சண்டை பிடிக்கிறார்கள். கிரிக்கெட்டில் அந்தச் சலுகை இல்லை. நாணயச் சுழற்சியின்போது கையளிக்கும் பதினொரு பெயர்தான் கடைசிவரை. மாற்றாள் களத்தடுப்பில் நிற்கலாம், பந்து வீசவோ துடுப்பெடுத்தாடவோ முடியாது. விடுபட்ட பன்னிரண்டாமவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவருவதோடு அவனது சமர் முடிந்துவிடும். பள்ளிக் கிரிக்கெட் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கானது. பெருஞ்சமர் வருடத்தில் ஒரே தடவைதான். ஒரு மாணவன் எவ்வளவு திறமைசாலியானாலும் அவனுக்குக் கிடைக்கக்கூடிய பெருஞ்சமர்கள் இரண்டோ மூன்றோ, அரிதாக நான்கோ. ஓர் ஆண்டு விடுபட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய வேறு ஆட்டம் கிடையாது. பெற்றோர், அயலவர், பழைய மாணவர் எல்லோரும் ஒரு பெயருக்காக மல்லுக்கட்டுவதற்கு இந்த அருமைதான் அடிப்படை. இதை வெறும் ஆரவாரம் என்று தள்ளுவோர் அந்தப் பிள்ளையின் நிலையில் நின்று பார்க்காதவர்கள்.

யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற சிந்தனையை ஆங்கிலேயர் வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கிளித்தட்டு அதையே உயிராகக் கொண்ட விளையாட்டு. நிலத்தில் கீறிய குறுக்குக் கோடுகளில் மறிக்கும் அணியினர் கோட்டுக்கு ஒருவராக நிற்பர். தன் கோட்டைவிட்டு நகர அவர்களுக்கு உரிமையில்லை. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடி மறிக்கலாம். ஆகவே கிளியாக நிற்பவர் வேகமும் கண்காணிப்பும் உள்ளவராக இருக்க வேண்டும். கை நீளமானவரை எந்தக் கோட்டில் வைப்பது, சோர்ந்தவரை எங்கே ஒளித்துவைப்பது என்பதில் ஆட்டத்தின் பாதி முடிந்துவிடும். தைப்பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டி ஊர்களில் நடந்த கிளித்தட்டுகளில், வெளியே நின்றவர்கள் கிளியை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். கல்லூரி வேலிக்கு வெளியே நின்று அணித் தலைவருக்கு யோசனை சொன்னவர்கள் அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களே.

கல்லூரி அணியில் இறுதிச் சொல் யாருடையது என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. தொடக்கத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரும் அணித் தலைவரும் பெயர்களைத் தீர்மானித்து அதிபரின் ஒப்புதலைப் பெறுவார்கள். பொறுப்பாசிரியர் பெரும்பாலும் அதே கல்லூரியின் பழைய வீரர். வகுப்பிலும் மாணவனைக் காண்பவர் என்பதால் அவரது தெரிவில் ஒழுக்கம், வருகை, படிப்பு எல்லாம் கலந்திருக்கும். ஓட்டம் குவிப்பவனானாலும் பயிற்சிக்கு ஒழுங்காக வராதவனை வெளியே வைத்த பொறுப்பாசிரியரை ஊர் திட்டும். அதே ஊர் சில வருடம் கழித்து அவரது கண்டிப்பைப் புகழும். தனியாக ஒரு பயிற்றுநரை அமர்த்தும் வழக்கம் வலுப்பெற்றதும் அதிகாரம் மூன்றாகப் பிரிந்தது. பயிற்றுநர் ஆட்டத்தைப் பார்ப்பார், பொறுப்பாசிரியர் மாணவனைப் பார்ப்பார், அதிபர் கல்லூரியின் பெயரைப் பார்ப்பார். நான்காவதாகப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. துடுப்பும் காற்காப்பும் பந்தும் வாங்கிக்கொடுப்பது, மைதானத்தைச் செப்பனிடுவது, பயிற்றுநருக்குக் கொடுப்பனவு தேடுவது என்று செலவில் பங்கெடுக்கும் சங்கத்துக்குத் தெரிவிலும் ஒரு கருத்து இருப்பதில் வியப்பில்லை. அது கருத்து என்ற எல்லையைத் தாண்டும்போதுதான் கல்லூரிகள் தடுமாறியிருக்கின்றன.

களத்துக்குள் போனபின் கிரிக்கெட் மற்ற ஆட்டங்களிலிருந்து வேறுபடுகிறது. அங்கே ஆள்பவர் அணித் தலைவர். பதினெட்டு வயது மாணவன் ஒருவன், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, பந்தை யாரிடம் கொடுப்பது என்று தானே முடிவெடுக்கிறான். பயிற்றுநர் தண்ணீர் கொண்டுபோகும் பையனிடம் சொல்லி அனுப்பலாம், உணவு இடைவேளையில் பேசலாம், அதற்கு மேல் அவரால் ஆகாது. தலைவன் தானே வேகப்பந்து வீச்சாளனாக இருந்தால் வாதம் சூடேறும். தன் கையிலேயே பந்தை வைத்துக்கொண்டான் என்பது பெருஞ்சமர்களில் அடிக்கடி எழும் குற்றச்சாட்டு. சுழல் பந்து வீச்சாளனுக்கு முதல் மூன்று ஓவரில் ஓட்டம் போனதும் அவனை நிறுத்திவிட்டு மறுபடி அழைக்காமல் விடுவது இன்னொன்று. சுழல் பந்து ஓட்டத்தை விலையாகக் கொடுத்து விக்கெட் வாங்கும் கலை. அந்த விலையைக் கொடுக்க இளம் தலைவர்கள் பயப்படுகிறார்கள் என்ற விமர்சனம் பெரும்பாலும் நியாயமானதே.

யாழ்ப்பாணத்து அணித் தெரிவைக் கொழும்பின் தெரிவிலிருந்து பிரித்துக் காட்டியது ஆடுகளம். குடாநாட்டில் நெடுங்காலமாகப் பள்ளிக் கிரிக்கெட் தும்புப் பாய் விரித்த ஆடுகளங்களில் நடந்தது. ‘மட்டிங்’ என்பார்கள். அடியில் இறுகிய தளம், மேலே ஆணி அடித்து இழுத்துக் கட்டிய பாய். புல்தரை ஆடுகளத்தை உருவாக்கிப் பேணுவதற்கு உரிய மண்ணும், தினமும் நீரும், உருளையும், அதிலேயே பழகிய பணியாளரும் வேண்டும். கிணற்று நீரை நம்பி வாழும் குடாநாட்டுக்கு, அதிலும் போர்க்காலத்தில், அது எட்டாத செலவு.

பாயில் பந்து பற்றிக்கொண்டு எழும். புல்தரையில் முழங்கால் உயரத்தில் வரும் பந்து இங்கே இடுப்புக்கும் மேலே வரும். துள்ளலும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். ஆகவே உயரும் பந்தை வெட்டியும் இழுத்தும் அடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே ஓட்டம் எடுத்தார்கள். முன்காலில் சென்று பந்தைத் தள்ளி ஆடுபவர், எவ்வளவு அழகாக ஆடினாலும், துள்ளிய பந்தை உயரத் தட்டிப் பிடிகொடுத்தார். பந்து வீச்சில் விரலால் கூர்மையாகச் சுழற்றுபவருக்கும், வேகத்தைக் குறைத்துப் பந்தை வெட்டி விடுபவருக்கும் பாய் கைகொடுத்தது. வெறும் வேகத்தை மட்டும் நம்பியவர் புதுப் பந்து தேயும்வரைதான் பயன்பட்டார். ஆணி வைத்த சப்பாத்து பாயைக் கிழிக்கும் என்பதால் இறப்பர் அடியோடுதான் ஓடிவர வேண்டும். ஓடிவரும் வழியில் மணல் இருந்தால் கால் வழுக்கும். இத்தனையும் தெரிந்த பயிற்றுநர் மத்திய கல்லூரி மைதானத்துக்கென்று ஓர் அணியைத் தெரிவார். கொழும்புக்கோ கண்டிக்கோ போய்ப் புல்தரையில் ஆடும்போது அதே அணி தடுமாறும். தாழ்ந்து வரும் பந்துக்குக் குறுக்கே துடுப்பை வீசி, காலில் வாங்கி ஆட்டமிழப்பார்கள். பாய்க்கு ஏற்ற பையனை எடுப்பதா, நாளை நாட்டுக்காக ஆடக்கூடிய பையனை எடுப்பதா என்பது யாழ்ப்பாணத்துக்கே உரிய கேள்வி. பெருஞ்சமரை வெல்ல வேண்டும் என்ற வேட்கையில் முதலாவதுதான் பெரும்பாலும் வென்றது. குடாநாட்டிலிருந்து தேசிய அணிவரை போனவர் மிகச் சிலராக இருந்ததற்குப் போரும் தூரமும் மட்டும் காரணமல்ல, இந்தப் பாயும் ஒரு காரணம்.

வாதத்தின் பொருள்கள் தலைமுறைதோறும் திரும்ப வருபவை. கடைசி ஆண்டு மாணவனா, பதினைந்து வயதுத் திறமைசாலியா என்பது அவற்றுள் மூத்தது. ஐந்து ஆண்டு பயிற்சிக்கு வந்து, இளைய அணிகளில் ஆடி, கல்லூரியைவிட்டுப் போகும் ஆண்டில் ஒருவனை விடுவது கொடுமை என்பார் ஒருவர். சமர் நன்றிக்கடன் தீர்க்கும் இடமல்ல என்பார் மற்றவர். சிறுவனை எடுத்தால் அவனுக்கு இன்னும் மூன்று சமர் இருக்கிறது, அனுபவம் கல்லூரிக்கே திரும்பும் என்ற மூன்றாவது வாதமும் உண்டு. மூன்றிலும் நியாயம் இருப்பதால்தான் இது தீர்வதில்லை. அடுத்து நிதானமாக ஆடும் தொடக்க ஆட்டக்காரர் பற்றியது. இரண்டு மணி நேரம் நின்று இருபது ஓட்டம் எடுத்தவனைச் சிலர் தூண் என்பர். அணியைச் சமநிலைக்குள் தள்ளியவன் என்பர் வேறு சிலர். நூற்றுக்கு மேற்பட்ட சமர்களில் கணிசமானவை வெற்றி தோல்வியின்றி முடிந்திருப்பதால் இந்த இரண்டாவது குற்றச்சாட்டுக்கு எப்போதும் ஆதாரம் கிடைக்கும். இன்னிங்ஸை நிறுத்தும் நேரம் இதன் தொடர்ச்சி. அரை மணி நேரம் முந்தி நிறுத்தியிருந்தால் எதிரணியின் கடைசி இரண்டு விக்கெட்டும் விழுந்திருக்கும் என்று, அன்று ஆடியவர்கள் பேரப்பிள்ளை கண்ட பிறகும் பேசுகிறார்கள்.

இவ்வாதங்கள் நடந்த இடங்களும் குடாநாட்டின் அமைப்பைக் காட்டுகின்றன. ஒவ்வொரு ஊரிலும் வாசிகசாலை உண்டு. காலையில் பத்திரிகை வந்ததும் வாங்கில் நான்கு பேர் கூடுவார்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மறுப்பார்கள். 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’, 1985இல் தொடங்கிய ‘உதயன்’ ஆகியவை யாழ்ப்பாணத்திலேயே அச்சாகியதால், கொழும்புப் பத்திரிகைகள் ஒரு வரியில் முடிக்கும் ஆட்டத்துக்கு இங்கே விரிவான இடம் கிடைத்தது. ஓட்ட விபரம் பத்திரிகையில் வந்தபின், வாதம் செய்வோர் நினைவை மட்டும் நம்ப வேண்டியதில்லை. போன வருடம் யார் எத்தனை எடுத்தான் என்று மடித்து வைத்த தாளைக் காட்டலாம். கல்லூரிச் சஞ்சிகைகள் இன்னொரு பதிவு. அணி பற்றிய ஆண்டறிக்கை அவற்றில் அச்சில் நிலைத்தது. சமர் நாளிலோ மைதானத்து மதிலோரமே மன்றம். பேண்ட் வாத்தியமும் கொடிகளும் ஒருபுறம். மறுபுறம் மர நிழலில், சென்றலைற்ஸ், ஜொனியன்ஸ், ஜொலிஸ்ரார்ஸ், கொக்குவில் சனசமூக நிலையம் போன்ற கழகங்களில் ஆடிய பழைய வீரர்கள் ஒவ்வொரு பந்தையும் தீர்ப்பிடுவார்கள். களத்திலிருக்கும் மாணவர்களுக்கு அந்தப் பேச்சு கேட்கும். அது சிலரை உயர்த்தியிருக்கிறது, சிலரை ஆட்டத்தையே வெறுக்கச் செய்திருக்கிறது.

போர் இந்த வழக்கத்தைப் பலமுறை அறுத்தது. மத்திய கல்லூரி யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகில் இருப்பதால், கோட்டையைச் சுற்றி நடந்த ஒவ்வொரு மோதலும் அதன் வாசலில்தான் நடந்தது. நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அச்சுற்றாடலே பாழானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறினர். இக்காலங்களில் சில ஆண்டுகள் சமர் நடக்கவில்லை. யாரை யாருடன் ஆடவிடுவது என்ற முடிவே உயிரைக் கேட்ட காலமும் அது. பரியோவான் கல்லூரியின் அதிபர் சி. இ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே நட்புறவுக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை ஒழுங்குசெய்ததே காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. ஒரு கல்லூரி அதிபர் எடுத்த விளையாட்டு முடிவுக்கு இவ்வளவு கொடிய விலை வேறெங்கும் கேட்கப்பட்டதாகச் சொல்வது கடினம்.

இடப்பெயர்வு அணித் தெரிவின் அடித்தளத்தையும் குலைத்தது. பதினேழு வயதில் பந்து வீசிக்கொண்டிருந்தவன் அடுத்த தவணையில் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்தான். தெரிவதற்கு ஆளிருந்தால்தானே வாதம். எஞ்சியவர்களைக் கொண்டு அணி அமைப்பதே சாதனையாக இருந்த ஆண்டுகளில் பொறுப்பாசிரியர்களை எவரும் குறை சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள், நேர்முக வர்ணனை வழியாகக் கிரிக்கெட்டோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தார்கள். 2009க்குப் பின் சமர்கள் பழைய கூட்டத்தோடு நடந்தன. வாதத்தில் இப்போது ரொறன்ரோவும் மெல்பேணும் சேர்ந்துகொண்டன. புலம்பெயர்ந்த பழைய மாணவர்களின் நிதியால் பயிற்சி வலைகளும் பந்து வீசும் இயந்திரங்களும் வந்தன, அதனோடு பயிற்றுநர்மீதான கேள்விகளும் வந்தன. நாள் முழுதும் நின்று ஆடும் சமருக்குத் தெரிந்த அணி, மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் ஆட்டத்துக்குப் பொருந்துவதில்லை என்பதால் ஒரே பருவத்தில் இரண்டு பட்டியல் பற்றிய வாதம் எழுந்தது.

2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக் இந்த வாதத்தைக் கல்லூரி மதிலுக்கு வெளியே கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் பெரும்பாலோர் தென்னிலங்கை வீரரும் வெளிநாட்டவரும். வடக்கு கிழக்கு இளைஞர் சிலர் பட்டியலில் இடம்பெற்றனர். பெயரில் யாழ்ப்பாணம், களத்தில் யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி எழுந்தது இயல்பு. மத்திய கல்லூரி மாணவராகப் பெருஞ்சமர் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த், வலது கை லெக் சுழல் பந்து வீச்சாளர், 2020 டிசம்பர் 4 அன்று கொழும்பு கிங்ஸ் அணிக்கு எதிராகக் களமிறக்கப்பட்டார். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முந்தி. அவர் எடுத்த முதல் விக்கெட் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்யூஸ். ஆனால் அதே அணியில் வனிந்து ஹசரங்க இருந்தார். அவரும் லெக் சுழல் பந்து வீச்சாளர், துடுப்பிலும் வல்லவர், அந்தத் தொடரின் நாயகனே அவர்தான். ஒரே வகைப் பந்து வீச்சாளர் இருவரை ஒன்றாக ஆடவிடுவதில் பயிற்றுநர் தயங்கியதில் கணக்குப்படி தவறில்லை. யாழ்ப்பாணத்து இரசிகர் கேட்டதும் தவறில்லை, அவர்கள் கேட்டது கணக்கை அல்ல. ஸ்டாலியன்ஸ் அவ்வாண்டு கிண்ணத்தை வென்றதால் வாதம் அடங்கியது, தீரவில்லை.

ஜப்னா கிங்ஸ் என்று பெயர் மாறிய அணியில் வியாஸ்காந்துக்குப் பின்னர் கூடுதல் வாய்ப்புக் கிடைத்தது. 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கில் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணி அவரைச் சேர்த்தது, காயமுற்ற ஹசரங்கவுக்கு மாற்றாக. மே மாதம் அவர் அங்கே களமிறங்கியபோது குடாநாட்டில் பேசப்பட்டது எத்தனை ஓவர் கொடுத்தார்கள், எந்த முனையில் கொடுத்தார்கள் என்பதே. பாயில் பழகிய சுழல் பந்து புல்தரையிலும் எடுபடும் என்பதற்கு இப்போது ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. லெக் சுழல் வீசும் பதினைந்து வயதுப் பையனை, ஓட்டம் கொடுப்பான் என்று தெரிந்தும் பதினொருவருக்குள் எடுக்கும் துணிவு பள்ளிப் பயிற்றுநர்களுக்கு வரவேண்டும் என்று வாதிடுவோர் அவரையே சுட்டுகிறார்கள்.